பிரான்ஸ் கால்வாயில் அண்ணனின் பாய்மரப் படகு: எஞ்சின் சூடாகிறது, லாக்கில் மூக்கு திரும்புகிறது

முத்தியால்பேட்டையான்:
வணக்கம். எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாய். அதனால் குடும்பத்தில் பாதிப் பேர் புதுச்சேரியில், பாதிப் பேர் பிரான்சில். அண்ணன் பொர்தோ பக்கம் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார். எட்டரை மீட்டர் நீளம், இரண்டு சிலிண்டர் டீசல், கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) தண்ணீருக்குள் 1.35 மீட்டர் இறங்கும். அதை மத்தியதரைக் கடல் பக்கம் செத் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்பெயினைச் சுற்றி ஜிப்ரால்டர் வழியாகப் போக அண்ணிக்கு மனமில்லை. அதனால் பாய்மரத்தைக் கிரேன் வைத்து இறக்கி மேல்தளத்தில் படுக்கப் போட்டுவிட்டு, கால்வாய் வழியே கிளம்பிவிட்டார்கள். கஸ்தெ ஊரில் கரோன் ஆற்றிலிருந்து கால்வாய்க்குள் நுழைந்து, இப்போது அஜானில் கட்டியிருக்கிறார்கள்.

மூன்று தொந்தரவுகள்.

ஆற்றில் ஓடியவரை எஞ்சின் ஒழுங்காக இருந்தது. கால்வாய்க்குள் வந்தபின் ஒரு மணி நேரம் ஓடினால் சூட்டு மணி அடிக்கிறது. எக்ஸாஸ்டில் வெள்ளையாக ஆவி வருகிறது.

லாக்கில் (படகை உள்ளே விட்டு, இரு பக்கமும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றி இறக்கும் தொட்டி) தண்ணீர் ஏறும்போது படகின் மூக்கு சுவரை விட்டு விலகிக் குறுக்கே திரும்பப் பார்க்கிறது. அண்ணி முன்கயிற்றைப் பிடித்துக் கை தோலெல்லாம் உரிந்துவிட்டது.

மரம் படகைவிட நீளம். முன்னும் பின்னும் பக்கத்துக்கு ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கதவில் இடிக்கத் தெரிந்தது.

நான் இங்கிருந்து போனில் கேட்டுச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

உப்பனாறு மெக்கானிக்:
தம்பி, நான் கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின் பார்ப்பவன். எஞ்சினைப் பற்றி மட்டும் சொல்கிறேன், லாக் சமாச்சாரம் வேறு யாராவது சொல்வார்கள்.

முதலில் ஒரு கேள்வி. எக்ஸாஸ்டில் ஆவியோடு தண்ணீரும் விட்டு விட்டுத் துப்புகிறதா? பழைய அளவுக்குத் துப்புகிறதா, குறைந்துவிட்டதா?

முத்தியால்பேட்டையான்:
குறைந்துவிட்டது என்கிறார் அண்ணா. முன்பு ஒரு குவளை அளவு வரும், இப்போது வடிகிற மாதிரி வருகிறதாம்.

உப்பனாறு மெக்கானிக்:
அப்படியானால் எஞ்சினுக்குள் கோளாறு தேடாதே. வெளித்தண்ணீர் உள்ளே வருவதில்தான் தடை. கால்வாய்த் தண்ணீரில் இலை, பாசி, நார் எல்லாம் மிதக்கும். அத்தனையும் உறிஞ்சு குழாயில்தான் போய் உட்காரும்.

எஞ்சினை நிறுத்தி ஆறவிடச் சொல். அடித்தளத்தில் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறக்கட்டும். கூடையைக் கழுவுவதோடு நிறுத்த வேண்டாம். வடிகட்டி திறந்திருக்கும்போதே வால்வை மெல்லத் திறந்து பார்க்க வேண்டும். வடிகட்டி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் குபுகுபுவென்று ஏறி வரும். வந்தால் வாய் சுத்தம், உடனே மூடிவிடலாம். சோம்பலாக வந்தால் படகின் அடியில் பாலிதீன் பையோ இலைக் கற்றையோ ஒட்டியிருக்கிறது. ரப்பர் டிங்கிக்குக் காற்றடிக்கும் கால் பம்பை அந்தக் குழாயில் சொருகி வெளிப்பக்கம் ஊதினால் போய்விடும்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. அந்தப் படகு இத்தனை வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தது. குழாய்க்குள் கொட்டலசும் சின்னச் சிப்பியும் ஒட்டியிருக்கும். நல்ல தண்ணீருக்கு வந்ததும் அவை செத்து, ஓடு கழன்று, மொத்தமாக உள்ளே இழுபடும். ஆற்றில் ஒழுங்காக ஓடி, கால்வாயில் கோளாறு வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அதனால் கூடையில் ஓட்டுத் தூள் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்.

வாய் சுத்தமாக இருந்தும் தண்ணீர் குறைவு என்றால் பம்பின் மூடியைக் கழற்றி, தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான ரப்பர் இம்பெல்லரைப் பார். தண்ணீரில்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே இதழ் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு எங்கே போனது என்று தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் பிரயோஜனமில்லை. அது போய், எஞ்சின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் அடைத்துக்கொண்டு, மறுநாளே மணி அடிக்கும். புதியதைப் போடும்போது இதழில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், முதல் சுற்றில் வறண்டு தேயாது.

வால்வை மூடியதும் எஞ்சின் சாவியைக் கழற்றி அந்த வால்வுக் கைப்பிடியிலேயே மாட்டிவிடச் சொல். மூடிய வால்வோடு ஸ்டார்ட் பண்ணிப் புது இம்பெல்லரைத் தின்றவர்களை எங்கள் துறையிலேயே பார்க்கலாம்.

துலூஸ் தமிழன்:
நான் காரைக்கால்காரன். துலூசில் இருக்கிறேன், இந்தக் கால்வாயில் நண்பர்களோடு போயிருக்கிறேன். மெக்கானிக் ஐயா சொன்னதற்கு மேல் எஞ்சினில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. லாக்குக்கு வருகிறேன்.

அவர்கள் இப்போது இருப்பது கரோன் கால்வாய். கஸ்தெயிலிருந்து துலூஸ் வரை 193 கிலோமீட்டர், 53 லாக். அத்தனையும் ஏற்றம். துலூசில் மிதி கால்வாய் தொடங்கும். அதுவும் நொரூஸ் மேடு வரை ஏற்றம்தான். அங்கே கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரம், அதற்கப்புறம்தான் இறக்கம். இறங்கும்போது படகு தானாகவே மெல்லத் தாழும், ஒரு வம்பும் இல்லை. ஆக உங்கள் அண்ணிக்கு வேலை நொரூஸ் வரைக்கும்.

மூக்கு திரும்புவதற்குக் காரணம் இதுதான்: மேல் கதவின் மதகைத் திறந்ததும் தண்ணீர் முன்னாலிருந்து பீறிட்டு வரும். லாக்கின் முன்பாதியில் நின்றால் அந்தச் சுழி நேராக மூக்கில் அடிக்கும். எட்டரை மீட்டர் படகுக்கு நாற்பது மீட்டர் லாக்கில் முன்னே போக என்ன அவசியம்? பின் கதவை ஒட்டியே நில்லுங்கள். கதவில் சுக்கான் படாத அளவு தள்ளி, அவ்வளவுதான்.

முன்கயிற்றை மட்டும் நம்புவதுதான் கையை உரிக்கிறது. படகின் நடுவிலிருந்தோ கொஞ்சம் பின்னாலிருந்தோ ஒரு கயிறு எடுத்து, கரைமேல் பின்பக்கமாக உள்ள கட்டைக்குப் போட்டுத் திரும்பப் படகுக்கே கொண்டு வாருங்கள். எஞ்சினை மெதுவாக முன்கியரில் விட்டு, சுக்கானைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். படகு அந்தக் கயிற்றில் இழுபட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறும். முன்கயிறு துணைக்குத்தான். எந்தக் கயிற்றையும் முடிச்சுப் போடக் கூடாது. படகில் கயிறு சுற்றுவதற்கென்று உள்ள கொம்பில் ஒரு சுற்று, அப்புறம் ஏற ஏறத் தளர்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பாரத்தைக் கொம்பு தாங்கும், அண்ணி கை தாங்காது.

கரோன் கால்வாயில் லாக் தானியங்கி. தண்ணீருக்கு மேல் தொங்கும் கம்பைத் திருகினால் சிவப்போடு பச்சையும் எரியும், லாக் தயாராகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவசரப்பட்டு வாசலுக்குப் போகாமல், முந்திய படகுத்துறையில் ஒருவரைக் கரையில் இறக்கிவிடுங்கள். கீழே படகில் நின்று மேலே கட்டைக்குக் கயிறு வீசுவது தேர்ந்தவர்களுக்கே தவறும். ஆள் மேலே நடந்து வந்து கயிற்றை வாங்கி மாட்டிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

நோணாங்குப்பம் பாய்:
மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கவட்டை போட்டுப் படுக்க வைத்திருப்பார்கள். உச்சிப் பக்கம் பின்னால் நீட்டுவது நல்லது, முன்னால் அடிப்பாகம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறையட்டும். முன்னால் நீட்டுவது சுக்கான் பிடிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, முதலில் இடிப்பதும் அதுதான். இரண்டு முனையிலும் பழைய டயர் துண்டோ ஃபெண்டரோ (இடிபடாமல் காக்கும் மெத்தை) கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட வேண்டும். கம்பிகளையெல்லாம் மரத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டியாயிற்றா? ஒன்று தொங்கினாலும் லாக் ஏணியில் மாட்டும்.

கவட்டையின் உயரத்தையும் அளந்துகொள்ளச் சொல்லுங்கள். மிதி கால்வாயின் பழைய பாலங்கள் வளைவானவை. நடுவில் 3.3 மீட்டர் இருக்கும், ஓரத்தில் 2.4 கூட இருக்காத இடம் உண்டு என்று படித்தேன்.

துலூஸ் தமிழன்:
சரியாகச் சொன்னீர்கள். கபெஸ்தாங் பாலம்தான் அதில் பிடிவாதக்காரன். நடுவில் போனால் தப்பிக்கலாம், எதிரே வாடகைப் படகு வரும்போதுதான் வினை. வாடகைப் படகு ஓட்டுபவர்களுக்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்கள், ஒரு மணி நேரப் பாடத்தோடு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். சொந்தப் படகு என்றால் மோட்டார் 4.5 கிலோவாட்டுக்கு மேல் இருந்தாலே உள்நாட்டு நீர்வழிக்கான அனுமதிச் சீட்டு வேண்டும், நீர்வழித் துறையின் கட்டண வில்லையும் ஒட்டியிருக்க வேண்டும். அண்ணனிடம் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

1.35 கீல் போகும், ஆனால் தாராளமாக அல்ல. மிதி கால்வாயில் ஆழம் ஒன்றரை மீட்டரைச் சுற்றித்தான், வண்டல் படிந்த இடத்தில் இன்னும் குறைவு. கரையோரம் கட்டும்போது படகு நேராக வந்து சேராது, முக்கால் மீட்டர் தள்ளியே தரை தட்டும். பலகை ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.

அரியாங்குப்பம் வாசகன்:
குறுக்கே ஒரு கேள்வி. இதே மாதிரி நம் மரக்காணத்திலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயில் பாய்மரப் படகில் சென்னைக்குப் போக முடியாதா? தேசிய நீர்வழி 4 என்று புதுச்சேரி வரைக்கும் அறிவித்தார்களே?

நோணாங்குப்பம் பாய்:
2008இல் அறிவித்தார்கள். வரைபடத்தில் கழுவெளி வழியாகக் கோடும் இருக்கிறது. ஆனால் கழுவெளி முழங்கால் தண்ணீர், இப்போது பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. சென்னைக்குள் போனால் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அதற்கு வேறு இழை தொடங்குங்கள், இங்கே அண்ணி கை உரிந்து கிடக்கிறது.

மரக்காணத்துப் பெரியவர்:
அந்தப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், முத்தியால்பேட்டைத் தம்பிக்கும் உதவும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரிலிருந்து உப்புத் தோணிகள் அந்தக் கால்வாயில் சென்னைக்குப் போகும். எஞ்சின் ஏது? காற்று வாகாக இருந்தால் பாய், இல்லாவிட்டால் கம்பு ஊன்றுவது. அதுவும் ஆகாவிட்டால் இரண்டு ஆள் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். பாரமேற்றிய தோணியே ஆள் நடைக்கு நகரும். உங்கள் அண்ணன் படகு அதில் கால்வாசிகூட இராது.

எஞ்சின் நடுவழியில் நின்றால் பயப்பட வேண்டாம், அந்தக் கால்வாய்க்கும் கரையில் இழுவைப் பாதை இருக்கும்தானே. கயிற்றை மூக்கு நுனியில் கட்டாமல், கொஞ்சம் உள்ளே தள்ளி, பாய்மரம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். நுனியில் கட்டி இழுத்தால் மூக்கு கரையில் முட்டிக்கொண்டே வரும். உள்ளே ஒருவர் சுக்கானை லேசாக வெளிப்பக்கம் பிடித்திருந்தால் போதும். கயிறு நீளமாக இருக்கட்டும், குட்டையாக இருந்தால் கரைக்கே இழுக்கும்.

துலூஸ் தமிழன்:
ஐயா, இருக்கிறது. மிதி கால்வாய் ரிக்கே என்பவர் கட்டத் தொடங்கி, அவர் இறந்தபின் 1681இல் முடிந்த கால்வாய், குதிரை இழுத்த பாதை இன்றும் சைக்கிள் பாதையாக இருக்கிறது. மரங்கள்தான் போய்விட்டன. 2006இல் பிளேன் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். நோயுள்ள மரத்தில் கயிறு கட்டினால் கயிற்றோடு நோயும் அடுத்த ஊருக்குப் போகும், அதனால் மரத்தில் படகைக் கட்டக் கூடாது. இதையும் அண்ணனிடம் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டையான்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணன் வடிகட்டியைத் திறந்து படம் அனுப்பினார். கூடை நிறைய அழுகிய இலை, அடியில் மணல் மாதிரி வெள்ளையாக ஓட்டுத் தூள். மெக்கானிக் அண்ணன் கடலூரில் உட்கார்ந்தபடி சொன்னது அப்படியே இருந்தது. வால்வைத் திறந்தபோது தண்ணீர் நன்றாக ஏறியது. பம்பைத் திறந்தால் இம்பெல்லரில் ஓர் இதழ் இல்லை. துண்டு எக்ஸ்சேஞ்சர் வாயிலேயே இருந்தது, இடுக்கி வைத்து எடுத்தார். பழைய சொந்தக்காரர் பலகைக்கு அடியில் ஒரு புது இம்பெல்லர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பொருத்தியாயிற்று. கட்டிய இடத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டார், மணி அடிக்கவில்லை.

அடுத்த லாக்கில் பின்பக்கமே நின்று, நடுக்கயிறு போட்டு ஏறியிருக்கிறார்கள். அண்ணி ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்திருக்கிறார், அதிலேயே தெரிகிறது. மரத்தை முக்கால் மீட்டர் பின்னால் தள்ளிக் கட்டியாயிற்று. துலூசுக்குள் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

உப்பனாறு மெக்கானிக்:
நல்லது தம்பி. இருந்த ஒன்றைப் போட்டாயிற்று, துலூசில் இன்னொரு இம்பெல்லர் வாங்கி வைக்கச் சொல். பழையதைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டட்டும், எண்ணைப் படித்துத் தவறாக வாங்குவதுண்டு. கொட்டலசு இன்னும் உதிரும். தினமும் காலையில் கிளம்புமுன் கூடையைப் பார்க்க வேண்டும்.

துலூஸ் தமிழன்:
துலூசில் ரயில் நிலையத்துக்கு எதிரே பயார் லாக். ஆறு மீட்டருக்கு மேல் ஏற்றம், உள்ளே போனால் கிணற்றடியில் நிற்கிற மாதிரி இருக்கும். கயிறு மேலே போய்த் திரும்பி வர வேண்டும், ஆகவே பதினைந்து மீட்டருக்குக் குறையாமல் இரண்டு கயிறு தனியாக எடுத்து வைக்கவும். அதற்கப்புறம் வரும் பழைய லாக்குகள் முட்டை வடிவம், சுவர் வளைந்திருக்கும். ஃபெண்டர்களை நடுவில் மட்டுமல்லாமல் மூக்கிலும் பின்னாலும் வைக்கவும். மதியம் லாக் ஆட்கள் சாப்பிடப் போவார்கள், அந்த நேரத்தில் வாசலில் ஹாரன் அடிக்க வேண்டாம். அண்ணிக்கு ஒரு ஜோடித் தோல் கையுறை வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். துலூசுக்கு வந்ததும் எனக்குத் தகவல் தரட்டும், பயாரில் மேலே நின்று கயிறு வாங்க நான் வருகிறேன்.