வாஷிங்டன், ஜெஃபர்சன் ஆகியோரின் வேளாண் சோதனைகள்: பொழுதுபோக்கா, அரசியலா?

கேள்வி

வணக்கம். அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத் தலைவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன் மூவரும் வர்ஜீனியாவில் பெரும் பண்ணைகளை வைத்திருந்தவர்கள். எரு, பயிர்ச்சுழற்சி, புதுவகைக் கலப்பை என்று வேளாண்மையில் ஓயாத ஆர்வம் காட்டியவர்கள். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு மட்டும்தானா, அல்லது அவர்களுடைய அரசியலோடு நேரடித் தொடர்பு உடையதா? வயலில் உழைத்தவர்கள் அடிமைகள் என்னும்போது, இந்த மாற்றங்கள் அவர்களுடைய வாழ்க்கையை எப்படித் தொட்டன என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கடன் தொல்லைதான் அவர்களை இந்த வழிக்குத் தள்ளியது. வர்ஜீனியாவின் பணப்பயிர் புகையிலை. அது மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும் என்பதால், சில ஆண்டுகள் பயிரிட்ட நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் காட்டை வெட்டிப் புது நிலம் திருத்துவதே வழக்கமாக இருந்தது. உலர்த்திய இலையைப் பெரிய மரப்பீப்பாய்களில் அடைத்து லண்டன் வணிகருக்கு அனுப்புவார்கள். அது என்ன விலைக்குப் போயிற்று என்பது பல மாதங்கள் கழித்தே தெரியவரும். அதற்குள் அதே வணிகரிடம் துணிமணி, கருவிகள், வண்டி என்று வாங்கியவற்றின் கணக்கு ஏறிப்போயிருக்கும். வாஷிங்டன் தம் லண்டன் முகவருக்கு எழுதிய கடிதங்களில், புகையிலைக்குக் கிடைத்த குறைந்த விலையைப் பற்றியும் அங்கிருந்து வந்த சரக்கின் தரத்தைப் பற்றியும் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

1760களின் நடுவில் அவர் தம் மவுன்ட் வெர்னன் பண்ணையில் புகையிலையைக் கைவிட்டுக் கோதுமைக்கு மாறினார். கோதுமையை உள்ளூரிலேயே விற்கலாம். சொந்த ஆலையில் மாவாக்கி மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுப்பலாம். இந்த அனுபவத்தை வைத்துப் பார்த்தால்தான் அவருடைய 1769ஆம் ஆண்டு அரசியல் புரியும். பிரித்தானியச் சரக்குகளை இறக்குமதி செய்வதில்லை என்ற உடன்பாட்டை வர்ஜீனியாவில் முன்னின்று நடத்தியவர்களுள் அவர் முக்கியமானவர். அதை ஆதரித்து அண்டைப் பண்ணையாரான ஜார்ஜ் மேசனுக்கு எழுதிய கடிதத்தில், கடனில் மூழ்கியவர்கள் மானம் கெடாமல் செலவைக் குறைத்துக்கொள்ள இது ஒரு வழியாகும் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னது சரியே. ஆனால் எல்லாவற்றையும் கடன் கணக்குக்குள் அடக்கிவிட்டால் அவர்களுடைய அறிவு வேட்கை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஜெஃபர்சன் 1788இல் பிரான்சின் லொரேன் பகுதியில் பயணம் செய்தபோது, அங்கிருந்த கலப்பைகளில் மண்ணைப் புரட்டும் பலகை செம்மையான வடிவில் இல்லாததைக் கவனித்தார். மண்ணைத் தூக்கிப் புரட்டும்போது இழுவை மிகக் குறைவாக இருக்கும் வளைவு எது என்பதைக் கணித முறையில் வகுத்தார். அதைவிடவும் என்னைக் கவர்வது அவர் எழுதிவைத்த செய்முறை: மரக்கட்டையில் கோடு கிழித்து, ரம்பத்தால் குறுக்கே அறுத்து, வாய்ச்சியால் செதுக்கினால், எந்த ஊர்த் தச்சருக்கும் ஒவ்வொரு முறையும் அதே வளைவு கிடைத்துவிடும். இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பிரான்சின் வேளாண் கழகம் இதற்காக அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

அறிவியலும் அரசியலும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்ட இடம் ஹெஸ்ஸியன் ஈ. இதன் புழு கோதுமைத் தண்டில் சாற்றை உறிஞ்சிப் பயிரைச் சாய்த்துவிடும். இந்தப் பூச்சி பரவிவிடும் என்று அஞ்சி 1788இல் பிரித்தானியா அமெரிக்கக் கோதுமைக்குத் தடை விதித்தது. தடை பின்னர் நீங்கினாலும், பூச்சி தானியத்தின் வழியே பரவுமா என்ற கேள்வி ஏற்றுமதியாளர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாகவே இருந்தது. 1791இல் வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சன், இதை ஆராய அமெரிக்க மெய்யியல் கழகம் என்ற அறிஞர் அமைப்பு நியமித்த குழுவில் பங்கேற்று, மேடிசனுடன் வடமாநிலங்களில் பயணம் செய்து உழவர்களிடம் விசாரித்துக் குறிப்பெடுத்தார். அது அரசியல் ஆதரவு திரட்டும் பயணம் என்று எதிரணியினர் ஐயப்பட்டனர். இரண்டு நோக்கங்களும் இருந்திருக்கலாம் என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கோதுமைக்கு மாறியதால் பண்ணையிலிருந்த அடிமைகளின் நிலை மாறியதா என்பதையும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 3

மாறியது. இதைப் பேசாமல் அவர்களுடைய வேளாண் சீர்திருத்தத்தைப் பாராட்டுவது எனக்கு உடன்பாடில்லை. புகையிலைக்கு நாற்றுவிடுவது, நடுவது, களையெடுப்பது, கொழுந்து கிள்ளுவது, புழு பொறுக்குவது, உலர்த்துவது என்று பெரும்பாலான மாதங்களில் ஆள் வேண்டும். கோதுமைக்கு விதைப்பும் அறுப்பும்தான் பெரிய வேலை. ஆகவே பயிர் மாறியதும் அடிமைகள் தேவைக்கு மேல் மிஞ்சினார்கள். வேண்டிய அளவைப் போல இரு மடங்கு ஆட்கள் தம்மிடம் இருப்பதாகவும், மனிதர்களை விற்பதைத் தம் மனம் ஏற்கவில்லை என்றும் 1799இல் வாஷிங்டன் ஒரு கடிதத்தில் எழுதினார். மற்ற பண்ணையார்கள் பலர் அப்படித் தயங்கவில்லை. வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808இல் தடைசெய்யப்பட்டது. அதனால் பருத்திச் சாகுபடி விரிந்துகொண்டிருந்த தென்மாநிலங்களுக்கு வர்ஜீனியாவிலிருந்தே அடிமைகளை, குடும்பங்களைப் பிரித்து விற்றார்கள்.

வாஷிங்டன் வடிவமைத்த, 16 பக்கச் சுவர்கள் கொண்ட போரடிக்கும் கட்டடத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். நம் ஊரில் களத்தில் மாடுகளைப் பிணைத்துப் போரடிப்பதைப் போல, அதன் மேல்தளத்தில் குதிரைகளை வட்டமாக நடத்திக் கதிரை மிதிக்கவிடுவார்கள். பலகைகளுக்கிடையே விட்ட இடைவெளி வழியே மணி கீழ்த்தளத்தில் விழும், வைக்கோல் மேலே தங்கிவிடும். வடிவம் அவருடையது, கட்டியெழுப்பியவர்கள் அடிமைத் தச்சர்கள்.

1799இல் மவுன்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் தமக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்கும்படி வாஷிங்டன் உயில் எழுதினார். மனைவியின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்தாக வந்தவர்களை விடுவிக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. 1818இல் மண்வளத்தைக் காப்பது பற்றியும் காடுகளை வீணே அழிப்பது பற்றியும் அருமையான உரை நிகழ்த்திய மேடிசன், தம் உயிலில் ஒருவரையும் விடுவிக்கவில்லை. ஜெஃபர்சன் 1 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட கடனோடு இறந்தார். 1827இல் நடந்த ஏலத்துக்காக 130 அடிமைகளை விற்பனைக்கு அறிவித்தார்கள்.

நீங்கள் தொடர்ந்து படிக்க விரும்பினால் ஜெஃபர்சனின் பண்ணைக் குறிப்பேட்டிலிருந்து தொடங்கலாம். பயிர்ச்சுழற்சித் திட்டங்களும், அடிமைகளின் பெயர்களும், அவர்களுக்கு அளந்து கொடுத்த துணி, உணவு ஆகியவற்றின் கணக்கும் அந்த ஒரே ஏட்டில் அவருடைய கையெழுத்திலேயே இருக்கின்றன.