கிரகப்பிரவேசக் குழுவில் செசில் டிராவிஸ்

அத்தை: சமையல்காரர் இன்று இரவே எண்ணிக்கை கேட்கிறார். 120 இலையா, 150 இலையா?

அக்கா (அட்லாண்டா): ஒரு நிமிடம். போருக்குப் போன விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிச் சின்னவன் நாளை பள்ளியில் பேச வேண்டுமாம். இப்போதுதான் வாயைத் திறக்கிறான்!

பெரியப்பா: செசில் டிராவிஸ். உங்கள் பக்கத்து ஊர் ரிவர்டேல்காரர். பேஸ்பால் வீரர், வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி. 1933-இல் முதல் ஆட்டத்திலேயே ஐந்து ஹிட்! ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் ஓடி பேஸ் என்னும் நிலையைத் தொடுவது.

மாமா: மச்சானுக்கு பேஸ்பாலும் தெரியுமா?

பெரியப்பா: போன முறை அங்கே போனபோது வெளியே கூட்டிப்போக ஆளில்லை. உட்கார்ந்து படித்தேன்.

அக்கா (அட்லாண்டா): பெரியப்பா… 🙏

பெரியப்பா: ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவர். 1941-இல் டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தார், இன்னொரு நட்சத்திரம் டெட் வில்லியம்ஸின் சராசரி .406, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 406 ஹிட் என்ற கணக்கு. ஊரே அவர்களைப் பேசியது. ஆனால் அந்த ஆண்டு அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்கிலும் அதிக ஹிட் டிராவிஸுடையது, 218. சராசரி .359.

அத்தை: 120 என்று சொல்லிவிடவா?

மாமா: உன் அண்ணன் முடிக்கட்டும்.

பெரியப்பா: 1942-இல் ராணுவத்துக்குப் போனார். 76-ஆவது காலாட்படை டிவிஷன். இரண்டாம் உலகப் போரில், ஐரோப்பாவில் நடந்த பல்ஜ் சண்டையின் பனியில் கால் விறைத்துப்போனது. 1945-இல் திரும்பினார். 1946-இல் சராசரி .252, மறு ஆண்டு .216. அத்துடன் ஓய்வு.

மாமா: கால் போனால் ஆட்டமும் போகும்தானே.

பெரியப்பா: அவரே அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு ஆண்டுகள் ஆடாததால் பந்தைச் சந்திக்கும் நேரக்கணிப்பு போய்விட்டது, காலைக் குறை சொல்லாதீர்கள் என்பார். 1947-இல் அவருக்காக நடத்திய பாராட்டு இரவுக்கு, போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ஐசனோவரே வந்தார். தலைசிறந்த பேஸ்பால் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் மட்டும் இன்றுவரை இடமில்லை. அநியாயம்.

மாமா: காலைக் குறை சொல்லாத மனிதர்! இங்கே சிலர் முழங்காலைக் காட்டியே அடுப்படிப் பக்கம் வருவதில்லை.

அத்தை: யாரைச் சொல்கிறீர்கள்?

சித்தப்பா: 😂

அத்தை: சிரிக்கிறாயே, போன விசேஷத்தில் வாங்கிப்போன குத்துவிளக்கு எங்கே?

சித்தப்பா: அது அம்மா எனக்குக் கொடுத்தது.

அக்கா (அட்லாண்டா): சின்னவனுக்கு விமானம் ஓட்டியவர்தான் வேண்டுமாம். டெட் வில்லியம்ஸ் ஓட்டினாராமே?

பெரியப்பா: ஓட்டினார். அவரைப் பற்றி வகுப்பில் இன்னும் நான்கு பேர் பேசுவார்கள்.

அக்கா (அட்லாண்டா): கேட்டுச் சொல்கிறேன்.

அத்தை: அண்ணா, இலை?

பெரியப்பா: 130?

சித்தப்பா: 150 போடுங்கள், என் மாமனார் வீட்டாரும் வருகிறார்கள்.

அத்தை: இதை இப்போதா சொல்வது?