கீமோவால் இதயம் பாதிக்கப்படுவதை முன்கூட்டியே அறிய முடியுமா?

கேள்வி: மதுரையிலிருந்து ஒரு மகள்

என் அம்மாவுக்கு வயது 58. இடது மார்பகத்தில் புற்றுநோய். பயாப்ஸியில் ஹெர்2 பாசிட்டிவ் (ஹெர்2 என்னும் புரதம் மிகுந்த வகை) என்று வந்துள்ளது. நெடுநாளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் டாக்ஸோரூபிசின் என்னும் கீமோ மருந்து நான்கு சுற்று, அதன்பின் பாக்லிடாக்செல் என்னும் மற்றொரு கீமோ மருந்துடன் சேர்த்துத் தொடங்கும், ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி ஓராண்டு வரை என்று மருத்துவர் திட்டமிட்டிருக்கிறார். எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 62 சதவீதம். இம்மருந்துகள் இதயத்தைக் கெடுக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, சிகிச்சையே வேண்டாம் என்கிறார் அம்மா. இந்த அச்சம் எவ்வளவு நியாயமானது? மூச்சிரைப்பு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமா, அல்லது அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பதில் 1: இதயநோய் மருத்துவர்

அச்சத்துக்குக் காரணம் உண்டு. சிகிச்சையைக் கைவிடும் அளவுக்கு இல்லை. டாக்ஸோரூபிசினின் பாதிப்பு, உடலில் மொத்தம் எவ்வளவு மருந்து ஏறியது என்பதைப் பொறுத்தது. ஒரு சுற்றுக்கு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவில் நான்கு சுற்றுக்கு 240 ஆகும். இதயச் செயலிழப்பு 400ஐத் தொடும்போது ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கும், 550ஐ எட்டும்போது நால்வரில் ஒருவருக்கும் ஏற்பட்டதாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே 240 என்பது குறைந்த அளவுதான்; ஆனால் இரத்த அழுத்தமும், பின்னால் வரும் டிராஸ்டுசுமாபும் சேர்வதால் உங்கள் அம்மாவைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

இரண்டு மருந்துகளும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. டாக்ஸோரூபிசின் இதயத் தசை உயிரணுக்களையே அழிக்கக்கூடியது. அவை மீண்டும் முளைப்பது மிக அரிது. டிராஸ்டுசுமாபால் வரும் பலவீனமோ, மருந்தைச் சிறிது காலம் நிறுத்தி இதயத்துக்கு மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூச்சிரைப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். இத்தாலியில் கார்டினாலே என்னும் இதய மருத்துவரின் குழுவினர் டாக்ஸோரூபிசின் வகை மருந்து பெற்ற 2,625 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 9 சதவீதத்தினருக்கு இதயம் பலவீனமானது, அதில் பெரும்பான்மை முதல் ஆண்டுக்குள்ளேயே தென்பட்டது. அதே குழுவின் முந்தைய ஆய்வில், இதயம் பலவீனமானவர்களுள், கீமோ முடிந்த இரண்டு மாதங்களுக்குள் இதயத்துக்கான மாத்திரை தொடங்கியவர்களில் 64 சதவீதத்தினருக்குப் பம்பிங் முழுமையாகத் திரும்பியது. ஆறு மாதங்களுக்குப் பின் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் முழுமையாகத் திரும்பவில்லை.

பம்பிங் சதவீதம் குறையும் முன்பே தசை சுருங்கும் திறன் குறையத் தொடங்குகிறது. ஸ்ட்ரெய்ன் எக்கோ அதை அளக்கிறது. தொடக்க அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது எச்சரிக்கை. இதயத் தசை பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதத்தை அளக்கும் பரிசோதனையும் உதவும். டிராஸ்டுசுமாப் ஓடும் காலத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எக்கோ எடுப்பது நடைமுறை. சாதாரண எக்கோவில் இரண்டு சோதனைகளுக்கிடையே 10 புள்ளி வரை வேறுபாடு இயல்பாகவே வரக்கூடும் என்பதால், முடிந்தவரை ஒரே மையத்தில், ஒரே கருவியில் எடுங்கள். 62 என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல் படப்பதிவையும் வாங்கி வையுங்கள்.

பதில் 2: கீமோ பிரிவுச் செவிலியர்

சகோதரி, வீட்டில் நாள்தோறும் காலையில் அம்மாவின் எடையைக் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று நாட்களில் எடை சட்டென்று ஏறுவது, கால் வீங்குவது, தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம் வருவது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த ஊசி நாள்வரை பொறுக்காமல் அன்றே தெரிவியுங்கள். கீமோவின் அயர்ச்சிதான் என்று பலர் இவற்றை ஒதுக்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வேறு மருத்துவமனைக்கு மாற நேர்ந்தால், இதுவரை ஏறிய டாக்ஸோரூபிசினின் மொத்த அளவை எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

பதில் 3: லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) சிகிச்சை முடித்தவர்

கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று எனக்குச் சொன்னார்கள். இவருடைய அம்மாவுக்கும் அது பொருந்துமா, மருத்துவர் ஐயா?

பதில் 4: இதயநோய் மருத்துவர்

லிம்போமா நோயாளிகள் 300 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அம்மாத்திரை பெற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 22 சதவீதத்தினருக்கும் பம்பிங் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது. ஆனால் பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளிகளைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே, கொழுப்பு அல்லது சர்க்கரைக்காக ஏற்கெனவே தேவைப்படுபவருக்குத் தயங்காமல் கொடுப்பேன். இதயக் காப்புக்காக மட்டும் அனைவருக்கும் எழுத மாட்டேன். டெக்ஸ்ரசோக்சேன் என்னும் காப்பு மருந்து உண்டு. அது பெரிதும் அதிக அளவு டாக்ஸோரூபிசின் பெறுபவர்களுக்கும் இதய ஆபத்து மிகுந்தவர்களுக்கும் உரியது.

உங்கள் அம்மாவுக்கு முதலில் செய்ய வேண்டியது இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. இப்போது சாப்பிடும் மாத்திரை எந்த வகை என்று பாருங்கள். எனலாப்ரில், கேண்டசார்டான், கார்வெடிலால் போன்றவை அழுத்தத்தைக் குறைப்பதுடன் இதயத் தசைக்கும் துணை செய்யக்கூடியவை என்பதால், மாற்றலாமா என்று புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுக்கட்டும். இடது மார்பகம் என்பதால் கதிர்வீச்சு தேவைப்பட்டால், மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தபடி செய்யும் முறை அங்கே உள்ளதா என்றும் கேளுங்கள். அப்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகி, அதன்மீது விழும் கதிர்வீச்சு குறைகிறது.