வேட்டைக்காரராகவே வாழ்ந்த அப்பாவுக்கு எப்படி விடை கொடுப்பது?

கேட்டவர்: கரிசக்காட்டான்

அப்பாவுக்கு 78 வயது. நுரையீரல் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மார்ஃபின் மாத்திரை கொடுக்கிறோம். பெரும்பாலும் தூக்கம்தான், ஆனால் விழித்திருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு தெளிவாக இருக்கிறது.

பேசுவதெல்லாம் வேட்டை. எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம், மானாவாரி பூமி. மாசியில் வெள்ளாமை எடுத்த பிறகு காடு வெறுமையாகிவிடும், முயலுக்கு ஒளிய இடம் இருக்காது, அப்போது தாத்தாவோடு கன்னி, சிப்பிப்பாறை ஜாதி வேட்டை நாய்களைப் பிடித்துக்கொண்டு விடியும் முன்பே கிளம்பிவிடுவாராம். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் கொஞ்ச காலம் ஓடியிருக்கிறது, அதை அவரே சொல்வார். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் வேட்டை நின்றுவிட்டது, நாய் வளர்ப்பு மட்டும் நிற்கவில்லை. இப்போதும் வீட்டில் ஒரு கன்னி இருக்கிறது, கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே இரண்டு செம்புள்ளி, அவர் கட்டிலுக்கு நேரே ஜன்னலுக்கு வெளியேதான் படுத்துக் கிடக்கிறது.

அம்மாவுக்கு இந்தப் பேச்சே ஆகவில்லை. போகிற நேரத்தில் கொன்ற கதையா பேசுவது, முருகா முருகா என்று சொல்லச் சொல்லுடா என்கிறாள். அக்கா தேவாரம் போட்டுவிடுகிறாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். நான் சென்னையில் வேலை பார்ப்பவன், ஒரு முயலைக்கூட விரட்டியதில்லை. அவரிடம் என்ன பேசுவது? ஒரு தடவை காட்டைப் பார்க்கணும் என்கிறார், கூட்டிப்போகலாமா? நாயை அறைக்குள் விடலாமா? துப்பாக்கியை என்னடா செய்யப் போறீங்க என்றும் கேட்கிறார். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கின பழைய துப்பாக்கி, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கி வருவார்.

பதில்: செவிலி_மதுரை

தம்பி, இந்த மாதிரி நோயாளிகளைத்தான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காட்டுக்குக் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள், உட்கார முடிகிற நாட்கள் கையில் அதிகம் இருக்காது. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சீக்கிரம் வேலை செய்கிற மார்ஃபினாக இருந்தால் கிளம்புவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பு அந்த வேளை மாத்திரை வருகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் போய் வந்துவிடுங்கள். காரைவிட்டு இறங்க முடியாவிட்டாலும் கதவைத் திறந்து வைத்தால் போதும். மார்ஃபினுக்கு மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தைக் கூடவே கேட்டு வாங்குங்கள், பல பேருக்கு இதனால்தான் நிலைகொள்ளாமல் தவிப்பு.

நாயைத் தாராளமாக உள்ளே விடுங்கள். கை எட்டும் உயரத்தில் ஒரு பெஞ்சுப் பலகை போட்டால் தானே ஏறிப் படுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதை எல்லாரிடமும் சொல்வேன். கடைசியில் சொந்தக்காரர்கள் வந்து பால் ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவர் வாயில் கரண்டியால் ஊற்றினால் புரையேறும், அது பெரிய அவஸ்தை. பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள், சடங்கும் ஆயிற்று, அவருக்கும் கஷ்டமில்லை. பேச்சு நின்ற பிறகும் காது கேட்கிறது என்றே நினைத்துப் பேசுங்கள். அறையில் நின்று பங்கு, பாகம் பேச வேண்டாம்.

பதில்: சாத்தூர்க்காரன்

அண்ணே, என்ன பேசுவது என்று நீங்கள் தேடவே வேண்டாம், கேளுங்கள். தெரியாதவன் கேட்கிறான் என்றால் வேட்டைக்காரருக்குச் சொல்லித்தரத் தோன்றும். எங்கள் தாத்தா கடைசியில் அப்படித்தான், சாப்பிட்டீங்களா என்றால் பதில் வராது, மேட்டில் ஓடுகிற முயலை நாய் ஏன் பிடிக்க முடியவில்லை என்று கேட்டால் தலையணையைச் சரிபண்ணச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். முயலுக்குப் பின்னங்கால் நீளம், மேடேறும்போது அதுதான் ராஜா, இறக்கத்தில் தடுமாறும், நல்ல நாய் அதை இறக்கத்துக்குத் திருப்பும் என்பார். இதையெல்லாம் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நாயின் பெயர், தாத்தாவோடு போன முதல் நாள், பேட்டரி வெளிச்சத்தில் முயல் கண் எப்படித் தெரியும், இப்படிச் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். "அப்பா, மன்னிச்சிடுங்க, போயிட்டு வாங்க" என்று சினிமா மாதிரி வசனம் பேச எனக்கு வாய் வரவில்லை, தாத்தாவுக்கும் அது பிடித்திருக்காது.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். முருகன் வள்ளியைத் தேடி வந்ததே வேடன் வேஷத்தில்தான், வள்ளி வளர்ந்ததும் வேடர் குடியில்தான். அக்கா தேவாரம் போடட்டும், ஆனால் கண்ணப்ப நாயனாரையும் நினைக்கட்டும். அவர் வேட்டையாடிய இறைச்சியைத்தானே காளத்திநாதருக்குப் படைத்தார், அறுபத்து மூவரில் ஒருவராகச் சிவன் கோயில்களில் கும்பிடுகிறோம். சாமியையும் வேட்டையையும் எதிரும் புதிருமாக நிறுத்த வேண்டியதில்லை.

பதில்: நீதிமன்ற_வாசல்

துப்பாக்கி விஷயத்தை அவர் இருக்கும்போதே முடிப்பது நல்லது, கேட்கிறார் என்றால் அது மனதை உறுத்துகிறது. 2016 ஆயுத விதிகள்படி, உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, தான் நியமிக்கும் வாரிசுக்கு உரிமம் தரக் கோரலாம். உங்களுக்கு வேண்டாம் என்றால் ஒப்படைத்துவிடலாம். அவர் காலமான பிறகு என்றால் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமம் இல்லாதவர் கையில் அது இருப்பதே குற்றம். பழைய மான் கொம்பு ஏதாவது உரிமைச் சான்றோடு வீட்டில் இருந்தால், வாரிசாகப் பெற்ற 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பதில்: மணிமுத்தாறு

சாத்தூர்க்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பெரியப்பா கடைசி நாட்களில் வேட்டைக் கதைதான் சொன்னார், ஆனால் திரும்பத் திரும்ப ஒரே கதைக்கு வந்து நின்றார். அறுத்துப் பார்த்தபோது சினை முயலாக இருந்தது, உள்ளே குட்டிகள். எப்போதோ நடந்தது. நாங்கள் எல்லாரும், அதெல்லாம் ஒன்றுமில்லை விடுங்கள் என்று பேச்சை மாற்றினோம். பெரியம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து, பிறகு என்ன செய்தீங்க என்று கேட்டாள். கறியைத் தொடவில்லை, வேலி ஓரத்தில் புதைத்தேன் என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதைக்கு அவர் திரும்பவே இல்லை. உங்கள் அப்பாவிடமும் அப்படி ஒன்று இருக்கலாம், வந்தால் சமாதானம் சொல்லாமல் கேட்டு முடியுங்கள். உங்கள் அம்மா பயப்படுவதும் இதைத்தான் என்று நினைக்கிறேன், அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கேட்டவர்: கரிசக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. இன்று காலையில் காரில் படுக்கை போட்டுக் கூட்டிப்போனோம், நாயும் வந்தது. ஓடைப் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் இங்கெல்லாம் ஏன்டா வேலிக்கருவையாய் விட்டுட்டீங்க என்று திட்டினார்.

சாத்தூர்க்காரர் பதிலை வாசித்துக் காட்டினேன். மேட்டுக் கணக்கு சரிதானாம். ஆனால் மழை பெய்த மறுநாள் எந்த நாயும் ஆகாது, ஈரக் கரிசல் நாய்ப் பாதத்தில் அப்பிக்கொள்ளும், முயல் லேசாகப் போய்விடும், இதை உங்க தாத்தா சொல்லித்தரலையான்னு கேள் என்றார். கேட்டுவிட்டேன், பதில் போடுங்கள் தம்பி. அம்மா கதவோரம் நின்று கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கி எனக்கு வேண்டாம் என்று அவரிடமே சொல்லிவிட்டேன், சரி என்றார், ஒப்படைக்க அக்கா மனு எழுதுகிறாள். கூட வேட்டைக்குப் போன சித்தப்பாவை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.