டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் லெவல் ஒட்டாத பார்ட்டியை (ஆட்டக் குழுவை) ஓட்டிய அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

நத்தைக்கூடு:
டி&டி (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் அந்த ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, நான்தான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். நாலு பேர், எல்லோரும் லெவல் 6. விடுமுறைக்கு வந்திருந்த நண்பனின் தம்பி நடுவில் சேர்ந்தான். பதினைந்து வயது. "எல்லாரும் கீழேர்ந்துதான்டா ஏறி வந்தோம்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி அவனை லெவல் 1இல் தொடங்க வைத்தேன். விசார்ட் (மந்திரவாதி), 8 எச்பி (உயிர்ப்புள்ளி).

பனிக்குகை. இளம் வெள்ளை டிராகன் மூச்சு விட்டது. 10டி8, அதாவது எட்டுமுகப் பகடை பத்து, உருட்டினேன், சேதம் 47. டிசி 15, அதாவது பகடையில் அதைத் தொட்டால் பாதிச் சேதம்தான். தம்பிக்குப் பகடையில் 18 விழுந்தது. "அண்ணே, தப்பிச்சுட்டேன்!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி 23. எட்டு போனால் மீதி 15. மீதி முழு எச்பியைத் தொட்டுவிட்டால் டெத் சேவ், அதாவது பிழைக்கக் கடைசியாக உருட்டும் பகடைகூடக் கிடையாது, நேரே சாவுதான். மற்ற நாலு பேரும் பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த டர்னுக்குத் தயாராக இருந்தார்கள்.

சொன்னேன். "அப்போ நான் போட்ட 18க்கு என்னண்ணே அர்த்தம்?" என்று கேட்டான்.

20 போட்டிருந்தாலும் அதே கதைதான். அவன் பகடையைத் தொட்டிருக்கவே வேண்டாம். இரண்டு வருஷமாக இதுதான் உறுத்துகிறது.

பழையபுத்தகம்:
கிளெரிக் (பூசாரி) இல்லையா? செத்தவரை எழுப்பும் ரெவிவிஃபை மந்திரம் லெவல் 5லேயே வந்துவிடுமே. சரி, அது போகட்டும்.

லெவல் கலந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டி&டியின் 1981 பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளில் தீஃப் இரண்டாம் லெவலுக்கு வர 1,200 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஃபைட்டருக்கு 2,000, எல்ஃபுக்கு 4,000. ஒரே நாளில் தொடங்கினவர்களே ஒரே லெவலில் இருக்க மாட்டார்கள். தவிர, அதில் தொடக்க லெவல்களில் ஒவ்வொன்றுக்கும் கணக்கு ஏறக்குறைய இரட்டிக்கும். ஆறிலிருந்து ஏழுக்குப் போக ஃபைட்டருக்கு இன்னும் 32,000 வேண்டும். புதிதாக வந்தவன் அதே 32,000 சேர்த்தால் ஆறாம் லெவலில் நிற்பான். பிந்தி வந்தவனை விதியே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிடும்.

என் மேஜையில் 3 எச்பி தீஃப் ஒருத்தி இருந்தாள். சண்டை என்றாலே கதவுக்கு வெளியில் நிற்பாள். உள்ளே ஐந்தாம் லெவல் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்துகொண்டிருந்தபோது, பின்வழியாகப் புகுந்து பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்த விதிகளில் தங்கம்தானே எக்ஸ்பி. அடுத்த வாரம் லெவல் 2.

தப்பு லெவலில் இல்லை, ஐயா. 8 எச்பி பையன் முன்னால் டிராகனை நிறுத்தியதுதான் தப்பு.

இரட்டைவால்:
மேலே எல்லோரும் டிஎம் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் அந்தச் சின்ன லெவல் ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணி நேர செஷனில் என் டர்ன் ஐந்து தடவை வந்தது, ஐந்திலும் ஒளிந்துகொண்டேன். கதவுக்கு வெளியே நிற்பது கேட்க நன்றாக இருக்கும். நிற்பவருக்கு அலுத்துவிடும்.

ஒரே ஒரு தடவை. எதிரே ஓகர் (ராட்சதன்), 14 எச்பி மிச்சம். அதை ஒட்டி எங்கள் லெவல் 7 ஃபைட்டர், 9 எச்பியோடு. நான் ஸ்லீப் (தூக்க மந்திரம்) போட்டேன். 5டி8 உருட்டினால் 24. எச்பி குறைவாக இருப்பவர் முதலில் தூங்குவார், நம்ம ஆள், எதிரி ஆள் என்ற பேதம் கிடையாது. ஃபைட்டர் பொத்தென்று விழுந்தார். மீதி 15. ஓகரும் விழுந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குறட்டை! ஃபைட்டர் ஆடிய அண்ணன் ஒரு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் அந்த கேம்பெய்னிலேயே சிறந்த நாள்.

கணக்குப்பிள்ளை:
நான் லெவல் 3, 5 கலந்து ஓட்டினேன், பிரச்சினை வரவில்லை. ஆனால் நத்தைக்கூடுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் பதிப்பில் குறி தவறுவதில் பெரிய வித்தியாசமில்லை. ப்ரொஃபிஷியன்சி (பகடையோடு கூட்டும் பயிற்சி எண்) லெவல் 4 வரை +2, 8 வரை +3, அவ்வளவுதான். லெவல் 1 ஆள் வீசும் கத்தியும் டிராகன்மேல் படும். வித்தியாசமெல்லாம் எச்பியிலும் அடியிலும்தான். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் பள்ளம், அங்கேதான் ஃபயர்பால் மந்திரமும் ஒரே டர்னில் இரண்டாவது அடியும் வருகின்றன. 2, 3, 4 கலக்கலாம். 4, 6 கலந்தால் யோசிக்க வேண்டும். 1, 6 கலக்கவே கூடாது.

அடுத்து, எல்லோர்மேலும் ஒரே நேரத்தில் படும் அடியை எடுத்துவிடுங்கள். பெரிய எதிரி ஒன்றை வைப்பதைவிட பெரியது ஒன்று, சில்லறை நாலு என்று வையுங்கள். சில்லறைக்குச் சின்னவன். அப்புறம் சண்டைக்குள்ளேயே சண்டை அல்லாத வேலை கொடுங்கள். பாலத்தின் கயிற்றை அறுப்பது, கூண்டைத் திறப்பது, மணியடிப்பது. அதற்கு எச்பி வேண்டாம். எக்ஸ்பியும் தனித்தனியாக எழுதாதீர்கள், மைல்ஸ்டோன் (கதையில் ஒரு கட்டம் முடிந்ததும் லெவல் ஏற்றுவது) போதும். லெவல் 6 ஆள் ஏழுக்குப் போக 9,000 தேவை. புதியவன் அதே 9,000 வாங்கினால் ஐந்துக்கு வந்துவிடுவான், ஆனால் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே. இன்னொன்று...

இரட்டைவால்:
தலைப்பில் அனுபவம் என்று போட்டிருக்கிறது. உங்களுடையது ஒரே வரி.

கணக்குப்பிள்ளை:
பிரச்சினை வராததும் அனுபவம்தான். அப்புறம் உங்கள் ஸ்லீப் 2014 புத்தகத்தில் உள்ளது. 2024இல் விஸ்டம் சேவ், அதாவது எதிரி பகடை உருட்டித் தப்பிக்கலாம். இப்போது அந்த ஓகரை அப்படி விழவைக்க முடியாது.

நத்தைக்கூடு:
பழையபுத்தகம், கிளெரிக் இருந்தார். ரெவிவிஃபைக்கு 300 தங்கக் காசு பெறுமான வைரம் வேண்டும். இருந்த ஒன்றை முந்தின வாரம்தான் ரோக் பாத்திரத்தை எழுப்பச் செலவழித்திருந்தோம். அந்தப் பையன் எங்களோடு ஆட வருவதற்கு முன்.

கேரக்டர் ஷீட்டை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. என் பகடைப் பெட்டியில்தான் இருக்கிறது. ஓரத்தில் அந்த விசார்டை வரைந்து வைத்திருக்கிறான். தொப்பியை மட்டும் இரண்டு மூன்று தடவை அழித்து வரைந்திருக்கிறான் போல, அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.