ஹி, ஷி வந்தால் எஸ்: எனக்கு மட்டும் ஏன் விட்டுப்போகிறது?

கேள்வி:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாளுக்கு முப்பது மெயிலாவது ஆங்கிலத்தில் போகும். நேற்று 'தி பையர் வான்ட் நியூ சாம்பிள்ஸ்' என்று எழுதியதை மேனேஜர் 'வான்ட்ஸ்' என்று திருத்தினார். சரி என்று அடுத்ததில் 'டஸ் ஹி வான்ட்ஸ்' என்று போட்டேன். அதுவும் தப்பாம்! எங்கே போடுவது, எங்கே விடுவது?

பதில் 1:
'டஸ்' ஏற்கெனவே எஸ்ஸை வாங்கிக்கொண்டது. அதனால் பின்னால் வெறும் 'வான்ட்'. 'டஸன்ட்'டுக்கும் அதே கதை. கேன், வில், மஸ்ட் வந்தாலும் எஸ் கிடையாது.

பதில் 2:
பள்ளியில் நான் குழம்பியது வேறு. பெயரில் எஸ் வந்தால் பன்மை, வினையிலும் அப்படித்தான் என்று நினைத்து 'பாய்ஸ் ப்ளேஸ்' என எழுதித் தள்ளினேன். வருகிறேன், வருகிறாய், வருகிறாள் என்று ஆளுக்கொரு விகுதி போடுகிற நாம் இந்த ஒற்றை எஸ்ஸில் தடுக்கி விழுகிறோம்! 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்த இடத்தில் 'எத்' இருக்கும்: 'ஹி கோஎத்'. அது இப்போது வழக்கில் இல்லை.

பதில் 3:
உங்கள் தொழிலில் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. 'தி குவாலிட்டி ஆஃப் தி பட்டன்ஸ்' என்று எழுதும்போது பக்கத்தில் நிற்கிற பட்டன்ஸைப் பார்த்து 'லுக்' போடத் தோன்றும். எழுவாய் குவாலிட்டி, 'லுக்ஸ்'தான் சரி.

கேட்டவர்:
அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தேன். 'தி கலர் ஆஃப் தி காலர்ஸ் மேட்ச்'. பையருக்குப் போய் மூன்று நாளாகிறது.