60 நாளில் ஜீவனாம்சமா? எந்த நாளிலிருந்து எண்ணுவது?

தங்கச்சிமடத்துக்காரி:
குடும்ப நீதிமன்றச் சீர்திருத்தம் பற்றி நேற்று கடலோடி தம்பி எழுதியது: “2024 ஜூலையில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தாச்சு. மனுப் போட்ட 60 நாளில் இடைக்கால ஜீவனாம்சம் முடிவாகிவிடும்.” படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மனுப் போட்ட நாளிலிருந்து இல்லை தம்பி, எதிராளிக்கு நோட்டீஸ் சார்வான, அதாவது முறைப்படி போய்ச் சேர்ந்த, நாளிலிருந்து. அதிலும் ‘முடிந்தவரை’ என்று ஒரு சொல் இருக்கிறது. என் தங்கை வழக்கில் நோட்டீஸ் மூன்று தடவை ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பி வந்தது. அதே வாரம் அவள் புருஷன் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

கடலோடி:
ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள் அக்கா. புதுச் சட்டம் 144ஆம் பிரிவில் 60 நாள் இருக்கிறதா, இல்லையா? அரசு செய்ததை ஒத்துக்கொள்ள உங்களுக்கு மனசு வராது.

தேவிபட்டினம் குமாஸ்தா:
அந்த 60 நாள் 2001 திருத்தத்திலேயே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது தம்பி. இப்போது மாறியது பிரிவு எண்தான்.

கடலோடி:
வாய்தாவில் பிழைப்பவர் அப்படித்தான் சொல்வார். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் 13ஆம் பிரிவில், வக்கீல் வைப்பது உரிமை இல்லை என்றே இருக்கிறது. அதை வாய் திறந்து சொன்னதுண்டா?

தேவிபட்டினம் குமாஸ்தா:
உன் மச்சானுக்குக் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுத்தபோது என் பிழைப்பு உறுத்தவில்லையா?

தங்கச்சிமடத்துக்காரி:
அந்தக் கணக்கை அப்புறம் பாருங்கள். 60 நாள் எந்த நாளிலிருந்து? 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

கடலோடி:
மனுப் போட்ட நாள்! நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
அது பணத்துக்கான கணக்கு. நான் கேட்பது நாள் கணக்கு. அதே தீர்ப்பு இரண்டு பேரும் சொத்து, வருமான விவரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. விசைப்படகில் பங்குக்குப் போகிறவனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? ‘மீன்பிடித் தடைக்காலம், வருமானம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தான். தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மற்ற பத்து மாதமும் கடலுக்குப் போனானே, அந்தப் பங்கு எங்கே?

நாட்டுப்படகு:
விசைப்படகுக்காரனுக்கு வருமானம் இல்லையாம்! எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறவர்கள்தானே?

கடலோடி:
வலை அறுந்ததற்கும் நாங்கள்தானா? முதலில் கரையோரம் ஒழுங்காக வலை விடப் பழகுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
படகுச் சண்டையில் நழுவாதே தம்பி. எந்த நாளிலிருந்து?

கடலோடி:
144ஐப் படியுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். சார்வான நாளிலிருந்து.